கண் அழுத்தத்தைக் குறைக்கும் புதிய சொட்டு மருந்தைச் சோதித்தல்: ஆய்வுக் குழுவில் புதிதாகச் சேர்வோருக்கு ஒரு வழிகாட்டி

கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய்க்கான புதிய சொட்டு மருந்தைச் சோதிக்கும் குழுவில் முதன்முறையாகச் சேரும் கண் பரிசோதகர்கள், செவிலியர்கள், ஒருங்கிணைப்பாளர்கள், இளம் மருத்துவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மாதக்கணக்கில் நீங்கள் குறித்து வைக்கப் போவது பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான்: கண்ணின் உள் அழுத்தம், மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில். பெரும்பாலானோருக்கு அது 10 முதல் 21 வரை இருக்கும். ஆனால் எந்த மருந்தும் இல்லாமலேயே அந்த எண் ஏறி இறங்கும். நோயில்லாத கண்ணிலேயே ஒரு நாளுக்குள் 2 முதல் 6 வரை மாறும். கிளாக்கோமா உள்ள கண்ணில் அந்த ஏற்ற இறக்கம் இன்னும் பெரிது. நல்ல சொட்டு மருந்து குறைப்பதும் ஏறக்குறைய அதே அளவுதான். எனவே, இறங்கிய அழுத்தம் மருந்தால் இறங்கியதா, தானாக இறங்கியதா என்று பிரித்தறிவதற்காகவே கீழே வரும் ஒவ்வொரு படியும் இருக்கிறது என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு கவனம் என்ற கேள்விக்கு 2002-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு விடை தருகிறது. கண் அழுத்தம் கூடுதலாக இருந்தும் பார்வை நரம்பு கெடாத 1,636 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் சொட்டு மருந்து கொடுத்து, அழுத்தத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதை இலக்காகக் கொண்டார்கள். ஐந்து ஆண்டுகளில், மருந்து பெறாதவர்களில் 9.5 சதவீதத்தினருக்குக் கிளாக்கோமா வந்தது. மருந்து பெற்றவர்களில் 4.4 சதவீதத்தினருக்கே வந்தது. போன பார்வை திரும்பாத ஒரு நோயில், இருக்கும் பார்வையைக் காக்க நம் கையில் உள்ள நிரூபிக்கப்பட்ட வழி அழுத்தத்தைக் குறைப்பது ஒன்றுதான். நீங்கள் எழுதும் எண்களை நம்பித்தான் நாளை ஒரு மருத்துவர் இந்த மருந்தைத் தம் நோயாளிக்கு எழுதிக் கொடுப்பார்.

முதல் படி: திட்ட ஆவணத்தையும் மருந்தையும் அறிந்துகொள்வது

புரோட்டோகால் எனப்படும் ஆய்வுத் திட்ட ஆவணத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வேலைக்கு இறங்குவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. படிக்கும்போது மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கண்ணின் முன்பகுதியில் ஒரு நீர்மம் இடைவிடாமல் சுரந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள வலை போன்ற திசுவின் வழியாகவும், அதைச் சுற்றியுள்ள தசை இடுக்குகளின் வழியாகவும் வடிகிறது. டிமோலால், டோர்சோலமைட் போன்றவை சுரப்பைக் குறைக்கின்றன. லட்டனோபிராஸ்ட் வகையினவும் பைலோகார்பினும் வடிகாலை எளிதாக்குகின்றன. பிரிமோனிடின் இரண்டையும் ஓரளவு செய்கிறது. புதிய மருந்து இவற்றில் எந்தப் பாதையைத் தொடுகிறது என்று தெரிந்தால், எந்த நேரத்தில் அதன் பலன் உச்சத்தில் இருக்கும், எந்தப் பக்க விளைவை எதிர்பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தானாகவே விளங்கும். கூடவே, நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை குறித்த பயிற்சியையும் முடித்துச் சான்றிதழைக் கோப்பில் வைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: ஒப்புதல்

நெறிமுறைக் குழு அனுமதித்த ஒப்புதல் படிவத்தை நோயாளி புரிந்துகொண்டு கையெழுத்திடும் வரை ஆய்வுக்கான எந்தச் செயலும் தொடங்கக் கூடாது. இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. பழைய சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்வதும் ஆய்வின் பகுதியே. "அடுத்த வாரம் வரும்போது கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம், இப்போதைக்கு மருந்தை நிறுத்தி வையுங்கள்" என்று நல்லெண்ணத்தோடு சொன்னாலும் அது கடுமையான விதிமீறல்.

நோயாளியிடம் மூன்று செய்திகளை அவருடைய பேச்சு மொழியிலேயே சொல்லுங்கள்: இந்த மருந்து பலன் தரும் என்ற உறுதி இல்லை, எந்த மருந்து கிடைக்கும் என்பதை நாமோ அவரோ தேர்ந்தெடுக்க முடியாது, எந்த நாளிலும், காரணம் சொல்லாமலும், வெளியேறலாம், அதனால் அவருடைய வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது. பிறகு, அவர் புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேளுங்கள். "சரிங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்ற பதில் ஒப்புதல் ஆகாது. அப்படிச் சொல்பவரிடம் படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, குடும்பத்தாரோடு பேசிவிட்டு வரச் சொல்வதே நேர்மை.

மூன்றாம் படி: யாரைச் சேர்ப்பது

கண் நீர்மம் வடியும் கோணம் அடைபடாத, திறந்த கோணக் கிளாக்கோமா உள்ளவர்களும், நரம்பு சேதமின்றி அழுத்தம் மட்டும் கூடியவர்களுமே பொதுவாகச் சேர்க்கப்படுவார்கள். கோனியோஸ்கோப்பி எனப்படும், கோணத்தை நேரில் பார்க்கும் சோதனையைச் செய்து அது திறந்திருப்பதை உறுதிசெய்ய வேண்டும். பேக்கிமீட்டரால் கருவிழியின் தடிமனை அளக்க வேண்டும். சராசரி 540 மைக்ரான் அளவில் இருக்கும், அதைவிட மிகத் தடித்த கருவிழி அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும், மிக மெலிந்தது குறைத்துக் காட்டும். பார்வைப் புலம் ஏற்கெனவே மிகவும் சுருங்கியவர்களைச் சேர்க்கவே கூடாது. மருந்தில்லாத சில வாரங்களை அவர்களுடைய நரம்பு தாங்காமல் போகலாம்; அந்த இழப்புக்கு ஈடு கிடையாது.

ஒப்பீட்டு மருந்து டிமோலால் என்றால் ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, இதயத் துடிப்பு மிக மெதுவாக உள்ளமை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். "மூச்சுத் தொந்தரவு உண்டா" என்று கேட்டால் இல்லை என்பவர், "இன்ஹேலர் எப்போதாவது பயன்படுத்தியதுண்டா" என்று கேட்டால் உண்டு என்பார். ஸ்டீராய்டையும் அப்படியே கேளுங்கள். மூக்கில் அடிக்கும் மருந்தும், தோலில் தடவும் களிம்பும் மருந்து என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை. ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றக்கூடியது.

நான்காம் படி: பழைய மருந்தை வடியவிடும் காலம்

வாஷ்-அவுட் என்று எல்லோரும் சொல்லும் இந்தக் காலம்தான் ஆய்வு முழுவதிலும் நோயாளிக்கு அபாயம் மிகுந்தது. பழைய மருந்தின் தாக்கம் முற்றிலும் நீங்கினால்தான் உண்மையான தொடக்க அழுத்தம் தெரியும். லட்டனோபிராஸ்ட் வகைக்கும் டிமோலால் வகைக்கும் பொதுவாக 4 வாரம், பிரிமோனிடின் வகைக்கு 2 வாரம், பைலோகார்பினுக்கும் டோர்சோலமைட் வகைக்கும் 5 நாள் என்று வைப்பது வழக்கம். இரண்டு மருந்துகள் ஒரே புட்டியில் கலந்திருந்தால் நீண்ட காலம் எதற்கோ அதுவே கணக்கு.

நான்கு வாரம் நிறுத்துபவரை இடையில் ஒரு முறையாவது வரவழைத்து அழுத்தம் பார்க்க வேண்டும். திட்டத்தில் சொல்லப்பட்ட மேல் வரம்பை, பல ஆய்வுகளில் 34 அல்லது 36, அழுத்தம் தாண்டினால் அன்றே மருந்தைத் தொடங்கி அவரை ஆய்விலிருந்து விடுவியுங்கள். சேர்க்கை எண்ணிக்கை குறைகிறதே என்ற கவலை அந்த நேரத்தில் மனத்தில் எழவே கூடாது. நோயாளி தம் வீட்டிலுள்ள பழைய புட்டியைக் கையோடு கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்வதும் நல்லது. பல ஆண்டுப் பழக்கத்தில், இரவு படுக்கும் முன் கை தானாக அந்தப் புட்டியைத் தேடும்.

ஐந்தாம் படி: தொடக்க அளவு

தகுதிக்கான அழுத்தத்தை ஒரு நாளில் அளந்து முடிவு செய்யக் கூடாது. ஏறி இறங்கும் ஒன்றை, அது ஏறியிருக்கும் நாளில் பார்த்து "தகுதியுண்டு" என்று சேர்த்தால், அடுத்த முறை அது இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். வெறும் தண்ணீரைக் கொடுத்தாலும் மருந்து வேலை செய்தது போலத் தோன்றும். அதனால்தான் வெவ்வேறு இரு நாட்களில், குறித்த நேரங்களில், அழுத்தம் வரம்புக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறார்கள். இந்த ஏற்பாடு அந்தப் பிழையைக் குறைக்குமே தவிர நீக்காது. நீக்குவது ஒப்பீட்டுப் பிரிவுதான். 24 இருக்க வேண்டிய இடத்தில் 23 வந்தால் அதை 23 என்றே எழுதுங்கள். "இன்னொரு முறை பார்ப்போம்" என்று 24 வரும் வரை அளப்பது, மருந்து செய்யாத வேலையை அதன் கணக்கில் எழுதுவதாகும்.

ஆறாம் படி: அளத்தல்

இதற்குச் சற்று நேரம் ஒதுக்கிப் படியுங்கள், ஏனெனில் ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இன்றும் அளவுகோலாகக் கொள்ளப்படுவது கோல்ட்மேன் டோனோமீட்டர். கருவிழியின் மீது 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை தேவை என்பதையே அது காட்டுகிறது. விசையைக் கூட்டிக் குறைக்கும் சுழற்றியில் 1 என்பது 10 மில்லிமீட்டர் பாதரசம்.

நோயாளி வந்தவுடன் அளக்காதீர்கள். சில நிமிடம் உட்காரட்டும். கழுத்துப் பட்டியும் மேல் பொத்தானும் இறுக்கமாக இருந்தால் தளர்த்தச் சொல்லுங்கள். கழுத்து இரத்தக் குழாய் அழுந்தினால் கண் அழுத்தம் ஏறும். மூச்சை அடக்கினாலும், இமையை இறுக்கினாலும், சற்று முன் நிறையத் தண்ணீர் குடித்திருந்தாலும் ஏறும். உடல் பருமனானவர் தாடையை வைப்பதற்காக முன்னால் குனிந்து எட்டிப் பிடிக்க நேர்ந்தால், அந்தச் சிரமமே எண்ணைக் கூட்டிவிடும். நாற்காலியையும் மேசையையும் அவருக்கேற்ப நகர்த்துங்கள்.

மரத்துப்போகும் சொட்டும் புளோரசின் சாயமும் இட்டபின், நீல ஒளியில் முனையைக் கருவிழியில் மெல்லத் தொடவையுங்கள். பச்சையாய் ஒளிரும் இரண்டு அரைவட்டங்கள், ஒன்று மேலே, ஒன்று கீழே, நாடித் துடிப்போடு சேர்ந்து மெல்ல அசைவது தெரியும். சுழற்றியைத் திருப்பத் திருப்ப அவை ஒன்றையொன்று நெருங்கும். இரண்டின் உள் விளிம்புகளும் தொட்டு நிற்கும் இடமே அளவு. துடிப்பின் நடுப்புள்ளியில் அதை நிறுத்துங்கள். அரைவட்டங்கள் தடித்திருந்தால் சாயம் அதிகம், எண் கூடுதலாக வரும். நூல்போல் மெலிந்திருந்தால் சாயம் போதவில்லை, எண் குறைவாக வரும். துடைத்துவிட்டோ சாயம் சேர்த்தோ மீண்டும் தொடங்குங்கள். இமையைத் தூக்க நேர்ந்தால் விரல் புருவ எலும்பின் மேல் இருக்கட்டும், விழியின் மேல் அழுந்தக் கூடாது.

இந்த வேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்துச் சுழற்றியைத் திருப்புவார், எண்ணைப் பார்க்க மாட்டார். மற்றவர் எண்ணைப் படித்து எழுதி, சுழற்றியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார், வாய் திறக்க மாட்டார். ஒரே கண்ணை இருமுறை அளந்து, வேறுபாடு 2 வரை இருந்தால் சராசரியையும், அதற்கு மேல் என்றால் மூன்றாம் முறை அளந்து நடு எண்ணையும் எடுப்பது பரவலான வழக்கம். நான் தொடக்கத்தில் தனியாகவே அளந்து பழகியவன். இருவர் முறைக்கு மாறிய முதல் வாரத்தில், என் இரண்டு அளவுகளுக்கும் இடையே 3 வித்தியாசம் வந்ததைப் பார்த்துத் திகைத்துப்போனேன். அதுவரை முதல் எண் தெரிந்ததால்தான் இரண்டாம் எண்ணும் அதையே ஒட்டி வந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. சுழற்றியின் கோடுகள் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பதால், கண் அறியாமல் இரட்டைப்படை எண்ணையே நாடும். இரு கோடுகளுக்கு நடுவே நின்றால் ஒற்றைப்படை எண்ணைத் தயங்காமல் எழுதுங்கள்.

கருவியின் துல்லியத்தை அதனுடன் வரும் சமன்கோலால் 0, 20, 60 ஆகிய மூன்று இடங்களிலும் குறித்த கால இடைவெளியில் சோதித்துப் பதிவு செய்யுங்கள். முனையைக் கிருமி நீக்கிய பின் நன்றாக அலசி உலர்த்துங்கள். கிருமிநாசினி ஒட்டியிருந்தால் கருவிழி வெந்துபோகும்.

நேரமும் அளவின் பகுதியே. காலை 8, காலை 10, மாலை 4 என்று திட்டத்தில் இருந்தால், அனுமதித்த சில நிமிட வரம்புக்குள் அளக்க வேண்டும். 8 மணி அளவு மருந்தின் பலன் மிகத் தேய்ந்திருக்கும் நேரத்தைக் காட்டும். அதன்பின் சொட்டு விட்டு 10 மணிக்கு அளப்பது பலனின் உச்சத்தைக் காட்டும். ஆகவே வருகை நாளன்று காலைச் சொட்டை வீட்டில் விடாமல் வர வேண்டும். முதல் நாளே தொலைபேசியில் நினைவூட்டுங்கள். இதை மறந்ததால் வீணான வருகைகள் எத்தனையோ.

ஏழாம் படி: ஒதுக்கீடும் மறைப்பும்

யாருக்கு எந்த மருந்து என்பதைக் கணினி குலுக்கல் முறையில் தீர்மானிக்கும். நோயாளிக்கும் அளப்பவருக்கும் அது தெரியக் கூடாது. ஒரு மருந்து நாளுக்கு ஒருமுறை, மற்றது இருமுறை என்றால், ஒருமுறை மருந்து பெறுபவருக்கு இன்னொரு வேளைக்கு மருந்தில்லாத சொட்டு தரப்படும். ஆனாலும் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். நெட்டார்சுடில் என்ற கிளாக்கோமா சொட்டு மருந்தின் ஆய்வுகளில் அதைப் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கண் சிவந்தது. அத்தகைய மருந்தென்றால் சிவப்பைப் பார்த்துத் தரம் குறிப்பவர் ஒருவராகவும், அழுத்தம் அளப்பவர் வேறொருவராகவும் இருப்பது நல்லது. மருந்து எதுவாக இருக்கும் என்ற ஊகத்தை நோயாளி முன்னால் மட்டுமன்றி, உங்களுக்குள்ளும் பேசிக்கொள்ளாதீர்கள்.

எட்டாம் படி: சொட்டு விடக் கற்பித்தல்

இதை அவசரமாகக் கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. கண்ணுக்குள் போகாத மருந்தை எவ்வளவு துல்லியமாக அளந்தும் பயனில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை விரலால் இழுத்து உண்டாகும் பையில் ஒரே ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். அந்தப் பை ஏறக்குறைய 30 மைக்ரோலிட்டர்தான் கொள்ளும். ஒரு சொட்டே அதை நிரப்பிவிடும், இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். புட்டியின் முனை இமையையோ மயிரையோ தொடக் கூடாது. பிறகு கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய உள் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால், மருந்து மூக்கு வழியாக உடலுக்குள் இறங்குவது குறையும். வேறொரு சொட்டும் விட வேண்டுமென்றால் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும்.

சொல்லிவிட்டு நிறுத்தாமல், உங்கள் கண்முன்னே செய்து காட்டச் சொல்லுங்கள். கை நடுங்கும் முதியவர் ஒருவர் மூன்று சொட்டு வீணாக்கி நான்காவதைத்தான் கண்ணில் விழவைப்பார். புட்டி மாதக் கடைசிக்கு முன்பே தீர்ந்துவிடும், வெட்கத்தில் சொல்லவும் மாட்டார். மடக்கிய விரல்களை நெற்றியில் ஊன்றிக்கொள்ளவோ, வீட்டில் ஒருவரைப் பழக்கவோ வழிசெய்யுங்கள்.

தவறாமல் விடுகிறார்களா என்பதற்கு நாட்குறிப்பை மட்டும் நம்ப வேண்டாம். 1986-இல் வெளியான ஓர் ஆய்வில், பைலோகார்பின் பயன்படுத்தியவர்கள் 97 சதவீத வேளைகளில் மருந்து விட்டதாகச் சொன்னார்கள். புட்டியில் மறைத்து வைத்த மின்னணுக் கருவியோ 76 சதவீதம் என்றது. திரும்பி வரும் புட்டிகளை எடை போட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் கண்டிக்காமல், எந்த வேளை தவறுகிறது என்று கேளுங்கள். பயந்தவர் அடுத்த முறை வரும் முன் புட்டியைக் கொட்டிவிட்டு வருவார்.

ஒன்பதாம் படி: பாதகங்களைப் பதிவு செய்தல்

ஒவ்வொரு வருகையிலும் "எப்படி இருக்கிறீர்கள்" என்ற பொதுவான கேள்வியோடு தொடங்குங்கள்; பட்டியலைப் படித்து ஒவ்வொன்றாகக் கேட்டால் இல்லாததும் இருப்பதாகத் தோன்றும். சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். மருந்தோடு தொடர்பில்லை என்று நீங்கள் நினைப்பதையும் எழுத வேண்டும்: டோர்சோலமைட் விட்டபின் வாய் கசப்பதும், டிமோலாலால் படியேறும்போது மூச்சு வாங்குவதும் கண்ணைப் பற்றிய புகார்களாக வருவதில்லை. மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், காரணம் எதுவானாலும், 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பதே பொது விதி. பதிவேட்டில் பிழை நேர்ந்தால் ஒற்றைக் கோடு கிழித்து, சரியானதை அருகில் எழுதி, தேதியும் சுருக்கொப்பமும் இடுங்கள். வெள்ளை மை பூசக் கூடாது.

பத்தாம் படி: முடிவைப் புரிந்துகொள்வதும் நோயாளியை விடைகொடுத்து அனுப்புவதும்

கணக்கிடுவது புள்ளியியலாளர் வேலை என்றாலும், உங்கள் எண்கள் எங்கே போகின்றன என்று தெரிந்திருப்பது நல்லது. இரண்டு வாரம், ஆறு வாரம், மூன்று மாதம் ஆகிய வருகைகளில் மூன்று நேரம் வீதம் ஒன்பது அளவுகள் எடுக்கும் ஆய்வில், புதிய மருந்துக்கும் டிமோலாலுக்கும் உள்ள வேறுபாட்டின் 95 சதவீத நம்பக எல்லையின் (உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய வீச்சின்) மேல் முனை ஒன்பதிலும் 1.5-ஐத் தாண்டாமலும், பெரும்பாலானவற்றில் 1-ஐத் தாண்டாமலும் இருந்தால் "தரத்தில் குறைந்ததன்று" என்பார்கள். எவ்வளவு மெல்லிய கோடு பாருங்கள். நெட்டார்சுடிலின் முதல் பெரிய ஆய்வு, தொடக்க அழுத்தம் 27-க்குக் குறைவாக இருந்தவர்களிடம் அந்த இலக்கை எட்டவில்லை. அதே ஆய்வில் 25-க்குக் குறைவானவர்களை மட்டும் பார்த்தபோது எட்டியது. அடுத்த ஆய்வு 25-ஐயே முதன்மை வரம்பாகக் கொண்டு வென்றது, 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அம்மருந்துக்கு ஒப்புதலும் கிடைத்தது. ஓரிரு மில்லிமீட்டர் கவனக்குறைவு ஒரு நல்ல மருந்தை வீழ்த்தவும், பயனற்ற மருந்தை உயர்த்தவும் போதும். இடையில் விலகியவர்களின் எண்களும் கணக்கில் தேவை; மருந்தை நிறுத்தியவரிடமும், அவர் சம்மதித்தால், குறித்த நாளில் அழுத்தம் பாருங்கள்.

கடைசி வருகையன்று ஆய்வுப் புட்டிகளை எண்ணித் திரும்பப் பெறும்போதே, அவருடைய வழக்கமான மருந்து மீண்டும் எழுதப்பட்டிருக்கிறதா, அன்றிரவு விடுவதற்கு அது கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அவரை அனுப்பிய மருத்துவருக்கு, கடைசியாக எடுத்த அழுத்தம், பார்வைப் புலப் படம், நிறுத்திய நாள் ஆகியவற்றோடு ஒரு கடிதம் கொடுத்தனுப்புங்கள். மறைப்பு நீக்கப்பட்ட பின், எந்த மருந்து பெற்றார் என்பதையும் ஆய்வின் முடிவையும் அவருக்குத் தெரிவிக்க ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் அழைப்பது யார் என்ற பெயரும் அதே பக்கத்தில் எழுதப்பட்டிருக்கட்டும்.